டைரக்டரி படிக்கும் சிஸ்டம் காலில் ஃபைல் பெயர் மாறி வருகிறது, அவசரம்

தருமபுரி_பையன்: வணக்கம். சி மொழியில் கெட்டென்ட்ஸ் என்ற சிஸ்டம் கால் (கர்னலை நேரடியாகக் கேட்கும் அழைப்பு) போட்டு ஒரு ஃபோல்டரைப் படிக்கிறேன். ஃபோல்டர் பெயர் 'தர்மபுரி தாலுகா'. உள்ளே ஊர்ப் பெயர்களில் ஃபைல்கள், எல்லாம் ஆங்கில எழுத்தில். ஹோசூர் என்ற ஃபைல் ஓசூர் என்று வருகிறது. ஹரூர், அரூர் என்று வருகிறது. எல்எஸ் கமாண்ட் போட்டால் சரியாகத்தான் இருக்கிறது. நாளைக்கு லேப் ரெக்கார்டு காட்ட வேண்டும். யாராவது சொல்லுங்கள்.

மாங்காய்மண்டி: லோக்கேல் (மொழி அமைப்பு) பிரச்சினை. தமிழில் ஓசூர், அரூர் என்றுதானே எழுதுகிறோம்? ஏதோ லைப்ரரி ஹ-வை எடுத்துவிடுகிறது. எல்சி_ஆல்=சி போட்டு ஓட்டிப் பாருங்கள்.

பழைய_யூனிக்ஸ்: தம்பி, மேன் பேஜை, அதாவது கையேட்டை, திறந்தாவது பார்த்தாயா? உனக்கு வேண்டியது இது இல்லை, ரீட்டிர் என்ற லைப்ரரி ஃபங்ஷன் பக்கம் போ என்று அதிலேயே எழுதியிருக்கிறது. ரெக்கார்டுக்கு முந்தின ராத்திரி கர்னலோடு மல்லுக்கட்டாதே.

தருமபுரி_பையன்: சார் ரீட்டிர் கூடாது என்றார். நேராக சிஸ்டம் கால்தான் வேண்டுமாம். லோக்கேல் மாற்றிப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது.

சிப்காட்_ஷிஃப்ட்: பென்டிரைவா? எஃப்எஸ்சிகே (டிஸ்க் சரிபார்ப்பு) ஓட்டுங்கள். எனக்கு இப்படித்தான் ஒருமுறை பாதி ஃபைல் போனது.

தொப்பூர்_கணவாய்: எல்எஸ் சரியாகக் காட்டும்போது டிஸ்க்கை ஏன் குறை சொல்ல வேண்டும்? கோடு எங்கே? எந்த மெஷின்? ஹ-வில் தொடங்காத ஃபைல் ஒன்றுமே இல்லையா? டி_டைப் (ஃபைல் வகையைச் சொல்லும் எண்) என்ன வருகிறது?

தருமபுரி_பையன்: அட, சொல்லவே இல்லையா. உபுண்டு, 64 பிட் இன்டெல். பாலக்கோடு, ஆலக்கோடு என்று வருகிறது. பென்னாகரம், என்னாகரம் ஆகிவிட்டது. ஒரு காலி வரியும் ஒற்றைப் புள்ளி மட்டும் உள்ள வரியும் வருகின்றன. டி_டைப் ஹோசூருக்கும் ஹரூருக்கும் 72, மற்ற இரண்டுக்கும் 80. அது எதற்கு என்று விட்டுவிட்டேன். கால் இது: சிஸ்கால்(78, எஃப்டி, பஃப், 1024). ஸ்ட்ரக்ட் மேன் பேஜில் இருந்த டிரென்ட்64, அப்படியே காப்பி.

மாங்காய்மண்டி: ஹ இரண்டுக்கும் 72, பார்த்தீர்களா! நான் சொன்னேன்.

தொப்பூர்_கணவாய்: அண்ணா, ஆஸ்கியில் 72 என்றால் பெரிய எச். 80 என்றால் பி. காணாமல் போன முதலெழுத்து டி_டைப்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. சாதாரண ஃபைலுக்கு அங்கே 8 வர வேண்டும், டைரக்டரிக்கு 4.

பையா, 78 என்பது பழைய கெட்டென்ட்ஸ். அதில் ஐநோட் (ஃபைலின் எண்) 8 பைட், ஆஃப்செட் 8, ரெக்லென் (ரெக்கார்டின் நீளம்) 2, உடனே, 0-விலிருந்து எண்ணினால், 18ஆம் பைட்டில் பெயர் தொடங்கிவிடும். டைப் ரெக்கார்டின் கடைசி பைட்டில் ஒளிந்திருக்கும். புதிய கெட்டென்ட்ஸ்64-இல் 18ஆம் பைட் டைப்புக்கு, பெயர் 19-இல். நீ பழைய காலைக் கூப்பிட்டுப் புதிய அச்சில் வார்த்திருக்கிறாய். ரெக்லென் இரண்டிலும் ஒரே இடம் என்பதால் லூப் தடுக்காமல் ஓடியிருக்கிறது. உன் காலி வரி '.' என்ட்ரி, ஒற்றைப் புள்ளி '..' என்ட்ரி. அவற்றின் டி_டைப் 46 இருக்கும், பார். 78-ஐ எடுத்துவிட்டுப் புதியதன் எண் 217-ஐப் போடு.

பழைய_யூனிக்ஸ்: எண்ணைக் கையால் எழுதுவதே தப்பு. கிலிப்சி (சி லைப்ரரி) 2.30-இலிருந்து கெட்டென்ட்ஸ்64-க்கு ஃபங்ஷனே இருக்கிறது. இதையெல்லாம் இப்போது சொல்லிக்கொடுப்பதில்லை போல.

ராயக்கோட்டை_ரயில்: அது இருக்கட்டும். 'தர்மபுரி தாலுகா' ஃபோல்டரில் ஓசூருக்கு என்ன வேலை? 2004-இலேயே கிருஷ்ணகிரி மாவட்டம் தனியாகப் பிரிந்தாயிற்று.

மாங்காய்மண்டி: ஆங்கிலத்தில் மட்டும் எதற்கு அந்த எச்? அந்தப் ப்ரோக்ராம்தான் சரியாக எழுதியிருக்கிறது.

ராயக்கோட்டை_ரயில்: 2020-இல் அரசே ஆயிரத்துச் சொச்சம் ஊர்களுக்கு ஆங்கில எழுத்தை மாற்றி ஆணை போட்டது, சில நாளில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நீங்கள் பேசாமல் இருங்கள்.

மாங்காய்மண்டி: திரும்பப் பெற்றால் தப்பு என்று அர்த்தமா? பேருந்தில் கண்டக்டர் ஓசூர் ஓசூர் என்றுதான் கூவுகிறார்.

தருமபுரி_பையன்: 217 போட்டேன், வந்துவிட்டது. 46-உம் இருந்தது. நன்றி அண்ணா.

ஊத்தங்கரை_பை: எனக்கும் இதே ரெக்கார்டுதான். ராஸ்பெர்ரி பை, 64 பிட் ஓஎஸ். 217 போட்டால் பெயர் ஒன்றுகூட வரவில்லை, மைனஸ் 1 வருகிறது. பென்டிரைவ் இல்லை, முன்பே சொல்லிவிடுகிறேன்.

தொப்பூர்_கணவாய்: ராஸ்பெர்ரி பையில் இருப்பது ஆர்ம்64 ப்ராசஸர், அதில் 217 வேறு கால். அங்கே கெட்டென்ட்ஸ்64-க்கு எண் 61, பழையது அங்கே கிடையவே கிடையாது. எண்ணை விட்டுவிட்டு சிஸ்_கெட்டென்ட்ஸ்64 என்று எழுதுங்கள், எந்த மெஷினிலும் அதற்கேற்ற எண்ணை எடுத்துக்கொள்ளும்.

பழைய_யூனிக்ஸ்: நான் மேலே சொன்னதும் அதேதான்.