சிறையில் வாசிப்பு வகுப்பு எடுக்கக் கூப்பிடுகிறார்கள், போகலாமா?

ஓரத்துமேசை கேட்டது:

கணக்கு எழுதும் வேலை எனக்கு, வயது முப்பத்து நான்கு. நண்பர் ஒருவர் ஆண்கள் சிறையில் சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி நேரம் வாசிப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். அவருக்கு மாற்றல் வந்துவிட்டது. என்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். பதினைந்து பேர் வருவார்களாம். பாதிப் பேர் எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள், இரண்டு மூன்று பேர் நன்றாகவே படிப்பவர்கள்.

பயம் என்று சொல்ல மாட்டேன், கூச்சம்தான். இதனால் உண்மையிலேயே பலன் உண்டா, இல்லை நமக்கு நல்ல மனசு என்று நாமே சொல்லிக்கொள்ளும் வேலையா? என்ன வழக்கில் உள்ளே வந்தார்கள் என்று கேட்கலாமா? முதல் நாளுக்குத் தன்னம்பிக்கை பற்றி இருபது நிமிடப் பேச்சு ஒன்று தயார் செய்திருக்கிறேன். போதுமா?

சுண்ணக்கட்டி பதில்:

அந்தப் பேச்சை முதலில் கிழித்துப் போடுங்கள்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், நானும் அப்படி ஒன்றோடுதான் போனேன். பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், பதினொரு வருடமாகச் சிறைக்குள் வகுப்பு எடுக்கிறேன். முதல் நாள் என் பேச்சில் விழுவது, எழுவது, விதை, மரம் எல்லாம் இருந்தது. முடித்ததும் கடைசி வரிசையிலிருந்து ஒருவர், "மேடம், அடுத்த வாரமும் வருவீங்களா?" என்றார். வருவேன் என்றேன். "போன மாசம் வந்தவரும் இதையேதான் சொன்னாரு" என்றார். விதையும் மரமும் அவர் காதில் ஏறவே இல்லை. நான் திரும்பி வருவேனா என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

நான்காம் மாதம் எனக்குக் காய்ச்சல். அலுவலகத்துக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன், ஆனால் தகவல் உள்ளே போய்ச் சேரவில்லை. பதினெட்டு பேர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பிளாக் வாசலில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் வேலைக்கூடத்தில் அன்றைய மதியக் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். அடுத்த வாரம் நான் போனபோது ஐந்து பேர் இருந்தார்கள். பழைய எண்ணிக்கை திரும்ப மூன்று மாதம் பிடித்தது. அதனால் என் முதல் கேள்வி இதுதான்: உங்களால் ஒரு வருடம், எல்லாச் சனிக்கிழமையும் போக முடியுமா? முடியாதென்றால் மாதம் ஒருமுறை என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அதில் தப்பே இல்லை.

பலன் உண்டு, ஆனால் நோட்டீஸில் அச்சடிக்கும் அளவுக்கு அல்ல. சிறைக் கல்வி பற்றி 1980 முதல் 2011 வரை அமெரிக்காவில் வந்த ஆய்வுகளைத் தொகுத்து ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2013-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மறுபடி குற்றத்துக்குத் திரும்புவது 43 சதவீதம் குறைகிறது என்று மேடையில் சொல்கிறார்களே, அது அங்கிருந்து வந்தது. கணக்கு டீச்சரால் இதைச் சும்மா விட முடியாது. அந்த 43, ஆட்ஸ் எனப்படும் விகிதத்தில் வருவது, அதாவது திரும்பி வருகிறவர்களை வராதவர்களால் வகுத்த கணக்கு. ஆள் கணக்கில் பார்த்தால் நூறு பேரில் திரும்பி வருகிறவர்கள் சுமார் 13 பேர் குறைகிறார்கள். இன்னொன்று, வகுப்புக்குப் பெயர் கொடுப்பவர் ஏற்கனவே மாற நினைத்தவராகவும் இருக்கலாம். ஒப்பீடு கறாராக இருந்த ஆய்வுகளை வைத்துத்தான் அந்த எண்ணைச் சொன்னார்கள், ஆனாலும் எனக்கு அந்தச் சந்தேகம் முழுக்கத் தீரவில்லை. சரி, பதின்மூன்றையே பாதியாக வெட்டுவோம். ஆறு பேர். என் வகுப்புக்கு நான் அதிலேயே திருப்தி.

எனக்குப் பிடித்தது மினசோட்டா மாநிலச் சிறைத்துறையின் 2011 ஆய்வு. 2003-லிருந்து 2007 வரை விடுதலையான 16,420 பேரை எடுத்துக்கொண்டு, உள்ளே இருந்தபோது அவர்களை யாராவது பார்க்க வந்தார்களா என்று பார்த்தார்கள். யாராவது வந்து பார்த்தவர்கள் மறுபடி புதுக் குற்றத்தில் தண்டனை பெறும் அபாயம் 13 சதவீதம் குறைவாக இருந்தது. அப்பா, கூடப்பிறந்தவர்கள், மதகுருமார் வந்தால் பலன் அதிகம். முன்னாள் கணவனோ மனைவியோ வந்தால் மட்டும் அபாயம் கூடியிருக்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது ஐந்து நிமிடம் சிரிப்பு அடங்கவில்லை. ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் கதையைச் சொல்கிறேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டிலிருந்து கடிதம் வந்தால் பக்கத்து செல்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார். கூலியாக அந்த ஆளின் துணியைத் துவைத்துக் கொடுப்பார். "துணி துவைக்கிறது ஒண்ணுமில்ல மேடம், என் பொண்டாட்டி என்னைத் திட்டி எழுதுறது பிளாக் முழுக்கத் தெரிஞ்சுபோகுது" என்றார். அரிச்சுவடியோடு போனேன். வேண்டாம் என்று கடிதத்தையே நீட்டினார். அந்த அம்மாளின் கையெழுத்தில் 'ழ'வும் 'மு'வும் ஒரே மாதிரி இருக்கும், புள்ளி வைக்கவே மாட்டார். நானே திணறினேன். ஏழு மாதம் அந்தக் கையெழுத்தையே பாடமாக வைத்து நடத்தினோம். ஒரு சனிக்கிழமை புதுக் கடிதம் ஒன்றைப் பிரித்து, உதடு மட்டும் அசைய, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை படித்து மடித்து வைத்தார். என்ன எழுதியிருந்தது என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்காகத்தானே படித்தார்.

நன்றாகப் படிக்கும் அந்த இரண்டு மூன்று பேரை மாணவர்களாக உட்கார வைக்காதீர்கள், அவர்கள்தான் உங்கள் வாத்தியார்கள். பிரிட்டனில் ஷானன் டிரஸ்ட் என்ற அமைப்பு இப்படித்தான் செய்கிறது. படிக்கத் தெரிந்த கைதி தெரியாதவரோடு உட்கார்ந்து ஒரு தடவைக்கு இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள் சொல்லிக்கொடுக்கிறார். நாம் வாரத்துக்கு ஒரு நாள் போகிறவர்கள், மீதி ஆறு நாளும் அவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

வழக்கு என்ன என்று கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், முகத்தை மாற்றாமல். அமெரிக்காவில் 1997-ல் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இன்சைட்-அவுட் வகுப்புகளில் கல்லூரி மாணவர்களும் கைதிகளும் ஒரே வட்டமாக உட்கார்ந்து ஒரே பாடம் படிக்கிறார்கள். அங்கே முன்பெயர் மட்டும்தான், வகுப்புக்கு வெளியே தொடர்பு கிடையாது. முதலில் இது எனக்குக் கல்மனசாகத் தெரிந்தது. அப்புறம் ஒருவர் என்னிடம், "வெளியே போய் எங்க வீட்டுக்கு ஒரே ஒரு போன், நல்லா இருக்கேன்னு மட்டும் சொல்லிடுங்க" என்று கேட்டபோதுதான் விதியின் அருமை தெரிந்தது. முடியாது என்று சொல்ல நாக்கு எழவில்லை, ஆனால் சொன்னேன். அந்த எண்ணை எடுப்பது யார், அது வழக்கின் சாட்சியாகக்கூட இருக்கலாம், நமக்கு எப்படித் தெரியும்?

வார்டர்களிடம் நல்ல பெயர் எடுங்கள். ஆட்களைக் கூட்டி வருவதும் எண்ணுவதும் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் அவர்கள். அன்றைக்கு டியூட்டிக்கு ஆள் குறைந்தால் முதலில் ரத்தாவது நம் வகுப்புதான். கண்காணிப்பாளரைப் பார்க்கும்போது கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015-ல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளில் 88-ஆவதைப் படித்துவிட்டுப் போங்கள். கைதியைச் சமூகத்திலிருந்து ஒதுக்குவதை அல்ல, அவர் இன்னும் சமூகத்தின் பகுதி என்பதையே வலியுறுத்த வேண்டும், அதற்கு வெளி அமைப்புகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது அது. சண்டைக்கு எடுத்துப் போகாதீர்கள், பேச்சுக்கு நடுவில் மெதுவாகச் சொல்லுங்கள்.

பென்சில் நிறையச் சீவி எடுத்துப் போங்கள். ஷார்ப்னரில் பிளேடு இருப்பதால் உள்ளே விட மாட்டார்கள். கொடுக்கும்போதும் எண்ணுங்கள், வாங்கும்போதும் எண்ணுங்கள்.

பழையஎண் பதில்:

அக்கா சொன்னதில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். நான் ஆறு வருடம் உள்ளே இருந்தவன், வெளியே வந்து நான்கு வருடம் ஆகிறது.

எங்களுக்கு வகுப்பு எடுக்க வந்த ஒருவர் முதல் நாளே 'நான் செய்த தவறு' என்று ஒரு பக்கம் எழுதச் சொன்னார். எங்கள் ஆள் ஒருத்தர் எழுந்து, "சார், அதை ஸ்டேஷன்லயே எழுதி வாங்கிட்டாங்க, கையெழுத்தும் போட்டாச்சு" என்றார். அதோடு அந்த வகுப்பு முடிந்தது.

உள்ளே நான் தச்சு கற்றுக்கொண்டேன், நல்ல வாத்தியார். சான்றிதழும் கொடுத்தார்கள், சிறை முத்திரையோடு. அதைக் காட்டினால் வேலை கிடைக்காது. காட்டாவிட்டால் தொழில் தெரியும் என்று யார் நம்புவார்கள்? ஏழெட்டுப் பட்டறை ஏறி இறங்கிய பிறகு, இரவல் உளியில் ஒரு ஸ்டூல் செய்து தோளில் தூக்கிக்கொண்டு போனேன். முதலாளி அதில் உட்கார்ந்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தார். கால் ஆடவில்லை. எங்கே கற்றுக்கொண்டாய் என்றார். சொன்னேன். எழுந்திருக்காமல் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நாளைக்கு வா என்றார். அங்கேதான் இன்றும் இருக்கிறேன். உங்கள் குழு ஏதாவது சான்றிதழ் கொடுப்பதாக இருந்தால் தயவுசெய்து சிறையின் பெயர் இல்லாமல் கொடுங்கள்.

கதைப் புத்தகம் நல்லதுதான். ஆனால் விடுதலை நெருங்கியவர்களுக்கு விண்ணப்பப் படிவங்களைக் கொண்டுபோய்ப் படிக்க வையுங்கள். அடையாள அட்டை, வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம். வெளியே வந்த முதல் வாரம் வங்கியில் படிவத்தை வாங்கிக்கொண்டு, 'கடந்த மூன்று ஆண்டு முகவரி' என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு அப்படியே மேசையில் வைத்துத் திரும்பி வந்தவன் நான். அந்தக் கட்டத்தில் என்ன எழுதலாம் என்று யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

ராத்திரி லைட்டை அணைத்தால் தூக்கம் வராது, அதற்கே எட்டு மாதம் ஆனது. செல்லில் லைட்டை அணைக்கவே மாட்டார்கள். இதற்கு நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, சும்மா சொன்னேன்.

மூன்றாம்மாடி பதில்:

எல்லாம் உருக்கமாக இருக்கிறது. எங்கள் வீட்டுப் பூட்டை உடைத்தவனுக்கு மூன்று வருடம் கிடைத்தது. என் அம்மா இன்றைக்கும் படுக்கும் முன் தாழ்ப்பாளை மூன்று தடவை ஆட்டிப் பார்க்கிறார். அவருக்கு எந்தச் சனிக்கிழமை யார் வகுப்பு எடுக்கிறார்கள்? உள்ளே கஷ்டம் இருந்தால்தான் பயம் இருக்கும், பயம் இருந்தால்தான் திருந்துவார்கள்.

சுண்ணக்கட்டி பதில்:

அம்மாவுக்கு யாரும் எடுக்கவில்லை. அந்தக் கோபம் நியாயமானது, எனக்கு அதில் வாதம் இல்லை.

பயத்தில்தான் மாறுபடுகிறேன். 1970-களில் நியூஜெர்சியின் ராவே சிறைக்குள் தறுதலைப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டுக் கத்தி மிரட்ட வைத்தார்கள். பார்க்கிறவர்களுக்கெல்லாம் பிடித்துப்போய், பல ஊர்களில் அதைத் தொடங்கினார்கள். பின்னால் அந்தத் திட்டங்களைச் சோதித்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, போகாத பிள்ளைகளைவிடப் போய் வந்த பிள்ளைகள்தான் அதிகம் குற்றம் செய்திருந்தார்கள்.

1974-ல் கனடாவின் எல்மைரா ஊரில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 இடங்களில் சேதம் செய்தார்கள். அவர்கள் வழக்கைப் பார்த்த நன்னடத்தை அதிகாரி, பாதிக்கப்பட்டவர்களை இவர்களே நேரில் சந்திக்கட்டும் என்று யோசனை சொல்ல, நீதிபதியும் ஒத்துக்கொண்டார். வாசல் வாசலாகப் போய், வசவு வாங்கி, நஷ்டம் எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொண்டு, அப்புறம் ஈடு கட்டினார்கள். பாதிக்கப்பட்டவரை நடுவில் வைக்கும் இன்றைய சந்திப்பு முறைகள் பலவும் அங்கிருந்து கிளைத்தவை. அம்மா விரும்பினால் மட்டும்தான் அப்படி ஒன்று நடக்க வேண்டும். நம்மில் யாரும் அவரை மன்னிக்கச் சொல்லிக் கேட்கக்கூடாது.

மூன்றாம்மாடி பதில்:

அம்மாவிடம் கேட்டேன். "அவனைப் பார்க்க வேணாம், எங்க வீட்டை ஏன் பார்த்தான்னு மட்டும் யாராவது கேட்டுச் சொன்னா போதும்" என்கிறார்.

ஓரத்துமேசை பதில்:

பேச்சைக் கிழித்துவிட்டேன். முதல் வகுப்பு நேற்று நடந்தது. ஒரு வருடத்துக்குச் சனிக்கிழமை வேறு எதையும் ஒத்துக்கொள்வதில்லை என்று வீட்டில் சொல்லியாகிவிட்டது.

பதினான்கு பேர் வந்தார்கள். வங்கிப் படிவம் எடுத்துப் போனேன். முகவரிக் கட்டத்துக்கு வந்ததும் எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். எனக்கும் தெரியவில்லை, வங்கியில் கேட்டு அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன்.

முடிக்கும்போது எண்ணினால் முப்பது பென்சிலில் ஒன்று குறைகிறது. கதவைச் சாத்திவிட்டு வார்டர் ஒவ்வொருவராகச் சோதனை போட, கால் மணி நேரம் போனது. யாரும் முனகவில்லை, அதுதான் எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. கடைசியில் முன்வரிசையில் இருந்த பெரியவர் என் சட்டைப் பையைக் காட்டினார். வருகைப் பதிவு எழுதிவிட்டு நானே சொருகி வைத்திருந்தேன். வார்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். "அடுத்த வாரம் சாரை முதல்ல சோதிங்க" என்றார் பெரியவர்.