வான் வண்டியின் சாளரங்களுக்கு ஒளியும் குளிரும் புகாத திரை தைப்பது எப்படி?

கேள்வி: வடதிசைப் பயணி

வணக்கம். ஒஸ்லோவில் வசிக்கிறோம். பழைய வொக்ஸ்வாகன் ட்ரான்ஸ்போர்ட்டர் வான் ஒன்றை வாங்கிப் பின்பகுதியில் கட்டில் அமைத்திருக்கிறோம். ஜூன் மாதத்தில் இரண்டு சிறு பிள்ளைகளுடன் நோர்வேயின் வடக்கிலுள்ள லொஃபோட்டன் தீவுகளுக்குச் செல்ல எண்ணியுள்ளோம். அங்கே மே இறுதி முதல் ஜூலை நடுப்பகுதி வரை சூரியன் மறைவதில்லை என்பதால், பிள்ளைகள் உறங்க வேண்டுமானால் வானின் உள்ளே நல்ல இருள் வேண்டும். அதே திரைகள் ஒக்ரோபர் மாதத்தில் மலைப்பகுதியில் தங்கும்போது குளிரையும் தடுக்க வேண்டும் என்பது என் விருப்பம். வீட்டில் தையல் இயந்திரம் இருக்கிறது. நேர்த்தையல் தைக்கத் தெரியும். வெள்ளிநிறக் குமிழித்தாளை மட்டும் வெட்டி வைத்தால் போதுமா, துணியும் தேவையா? வானின் உடலில் துளையிடாமல் திரையைப் பொருத்த வழி உண்டா?

பதில்: ஊசிமுனை

குமிழித்தாள் ஓரிரு இரவுகளுக்கு உதவும். ஆனால் அதன் வெள்ளிப் பூச்சு கதிர்வீச்சாக வரும் வெப்பத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. அதற்கு முன்னால் சிறிதளவேனும் காற்றிடைவெளி இருக்க வேண்டும்; கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்தால் அந்தப் பக்கத்துப் பூச்சினால் பயனில்லை. தவிரவும், பிள்ளை புரண்டு படுத்தால் தாள் சரசரக்கும்.

மூன்று அடுக்காகத் தையுங்கள். கண்ணாடிப் பக்கம் ஒளிதடுப்புத் துணி, நடுவில் பொலியெஸ்டர் பஞ்சு விரிப்பு, உட்பக்கம் நெருக்கமாக நெய்த எந்தத் துணியும் போதும். ஒளிதடுப்புத் துணி வாங்கும்போது மூன்று பூச்சு உள்ளதா என்று கேளுங்கள். அதில் இரண்டு வெளிர்நிறப் பூச்சுகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பூச்சு இருக்கும். ஆகவே வெயில் படும் பக்கம் வெளிராக இருந்தாலும் ஒளி புகாது. பருத்திப் பஞ்சைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் அது ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு பூஞ்சணம் பிடிக்க இடம் தரும்.

இந்த வேலையில் பலர் கவனிக்காதது ஊசித் துளை. பூச்சுத் துணியில் ஊசி இறங்கிய ஒவ்வொரு இடமும் நள்ளிரவுச் சூரியனில் ஒரு வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். எனவே பஞ்சையும் உட்பக்கத் துணியையும் மட்டும் முதலில் ஒன்றாகத் தைத்து, ஒளிதடுப்புத் துணியை விளிம்புகளில் மட்டும் அவற்றோடு இணைக்க வேண்டும். குண்டூசிக்குப் பதிலாகத் துணிக் கவ்விகளைப் பயன்படுத்துங்கள். பஞ்சின் மேல் ஓடும் தையல் வரிகளுக்கிடையே 15 சென்ரிமீற்றர் வரை விடலாம். நெருக்கித் தைத்தால் பஞ்சு நசுங்கி, அதற்குள் இருக்கும் காற்றும் போய்விடும். அந்தக் காற்றுத்தான் குளிரைத் தடுக்கிறது. தையல் ஓடும்போது துணி சற்றுச் சுருங்கும் என்பதால், தைத்த பிறகே இறுதி அளவுக்கு வெட்டுங்கள். 100 எண் ஊசியும் 3.5 மில்லிமீற்றர் தையல் நீளமும் இந்தத் தடிப்புக்குப் பொருந்தும்.

அளவெடுக்கப் பழைய செய்தித்தாள் போதும். கண்ணாடியின் வடிவத்தை மட்டும் வரையாமல், சுற்றியுள்ள சட்டத்தின் மேல் 3 அல்லது 4 சென்ரிமீற்றர் படியுமாறு வரையுங்கள். இடப்பக்கத்துக்கு வரைந்து வெட்டிய தாளைப் புரட்டினால் வலப்பக்கத்துக்குச் சரியாக வரும் என்று நம்பிவிடாமல், இரண்டையும் வைத்துப் பாருங்கள்.

பதில்: உறைபனி

தடித்த பஞ்சை வாங்கத் தோன்றும். கணக்கு வேறு சொல்கிறது. ஒற்றைக் கண்ணாடி, சதுர மீற்றருக்கு, ஒரு பாகை வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறக்குறைய 5.8 வாற்று வெப்பத்தை வெளியே விடுகிறது. 2 சதுர மீற்றர் கண்ணாடிக்கு, உள்ளும் வெளியும் 20 பாகை வேறுபாடு இருந்தால், அது சுமார் 230 வாற்று ஆகும். 2 சென்ரிமீற்றர் பஞ்சு அதனை ஏறத்தாழ 60 ஆகக் குறைக்கும். 4 சென்ரிமீற்றராக்கினால் 34 ஆகும். இரண்டாவது 2 சென்ரிமீற்றருக்குக் கிடைப்பது வெறும் 26 வாற்றுத்தான். மாறாக, ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால், அறைக் காற்று மேலால் புகுந்து கண்ணாடியில் குளிர்ந்து கீழால் வழிந்தபடி இருக்கும். அப்போது இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது.

இன்னொன்று, நல்ல திரை கண்ணாடியை மேலும் குளிர வைக்கும். மூச்சில் வரும் ஈரம் ஓரத்தால் புகுந்தால் கண்ணாடியில் நீராகப் படிந்து, ஒக்ரோபர் விடியலில் உறைந்தும் இருக்கலாம். கூரைத் துவாரத்தைச் சிறிது திறந்தே வையுங்கள். காலையில் திரைகளைக் கழற்றிக் கண்ணாடியைத் துடையுங்கள். பகல் முழுவதும் அவற்றை மாட்டி வைத்திருக்க வேண்டாம்.

கேள்வியாளர்: வடதிசைப் பயணி

இருவருக்கும் நன்றி. பஞ்சை 2 சென்ரிமீற்றரோடு நிறுத்திக்கொள்கிறேன். ஓரத்தை இறுக்கமாகப் பிடிக்கக் காந்தம் உதவுமா? சில சாளரங்களைச் சுற்றி பிளாஸ்ரிக் உறை இருக்கிறது.

பதில்: ஊசிமுனை

வெறும் உருக்குத் தகடு தெரியும் இடங்களில் நியோடிமியக் காந்தங்கள் மிக நன்றாகப் பிடிக்கும். பிளாஸ்ரிக் உறை மெல்லியதாக இருந்து பின்னால் உடனே உருக்கு இருந்தால் பிடிக்கலாம். ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பிடிக்காத இடங்களில் உறைமேல் ஒட்டும் வெல்க்ரோ பட்டியே எளிது. உறிஞ்சு கிண்ணங்களை நம்ப வேண்டாம். குளிரில் இறுகி நடு இரவில் விழுந்துவிடும்.

காந்தத்தைத் துணிக்குள் வைத்தபின் இயந்திரத்தில் தைத்தால் அது ஊசியையும் துணியை அழுத்தும் பாதத்தையும் இழுக்கும். முதலில் விளிம்பில் சிறு பைகளைத் தைத்து, பின்னர் காந்தத்தை நுழைத்து, பையின் வாயைக் கையால் தைத்து மூடுங்கள்.

பதில்: இரு பிள்ளைத் தாய்

அந்தப் பைகளை இரட்டைத் தையலாகப் போடுங்கள், சகோதரி. சிறு பிள்ளைகள் இரண்டு நியோடிமியக் காந்தங்களை விழுங்கிவிட்டால், அவை குடற்சுவரை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளைத்துவிடும். உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் ஆபத்து அது. பிள்ளைகள் படுக்கும் பக்கத்துச் சாளரங்களுக்கு நான் வெல்க்ரோவை மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன்.

பதில்: உறைபனி

முன்கண்ணாடியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வானில் மிகப் பெரிய கண்ணாடி அதுதான். அதற்கு வெளியே போடும் உறை மேலானது. கண்ணாடி உறைக்கு உட்புறம் வந்துவிடுவதால் அவ்வளவு குளிராது, ஈரமும் குறைவாகவே படியும். இரு பக்க மடல்களையும் முன்கதவுகளுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினால், லொஃபோட்டனின் கடற்காற்றிலும் உறை பறக்காது.