தோப்பில் கிடைத்த காசுப்பானை: கலெக்டரிடம் கொடுத்தால் ஏதாவது தருவார்களா?

முந்திரித்தோப்பு:
பண்ருட்டிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் முந்திரி இருக்கிறது. பட்டுப்போன மரத்தை எடுத்துவிட்டுப் பலாக்கன்று வைக்கக் குழி தோண்டும்போது, வேலைக்கு வந்த அக்காவின் கடப்பாரை பட்டு ஒரு பானை உடைந்தது. உள்ளே பச்சை பூத்த செப்புக்காசுகள், ஒன்றோடொன்று ஒட்டி இரண்டு கை நிறைய. புளி போட்டுத் தேய்க்கலாம் என்றார் அப்பா, நான் விடவில்லை. தனியாக விழுந்த ஒன்றில் ஒரு பக்கம் நிற்கிற ஆள், மறுபக்கம் உட்கார்ந்திருக்கிற ஆள், பக்கத்தில் நாகரி எழுத்து. ராஜராஜன் காசு என்கிறான் தம்பி. அரசிடம் கொடுத்தால் பணம் வருமா, இல்லை பொன்னாடையோடு சரியா?

நெல்லிக்குப்பத்தான்:
வாயைத் திறக்காதீங்க. அப்புறம் தோப்புக்குள் நீங்களே போக முடியாது.

பழைய ரெவின்யூ:
நெல்லிக்குப்பம் தம்பி, ஆளை உள்ளே அனுப்பிவிடாதீர்கள். 1878-ஆம் வருடப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளது (அன்றைக்கு அது பெரிய பணம், இன்றைக்கு ஒரு டீ) மண்ணுக்குள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்கு ஓராண்டு வரை சிறை, உடந்தையான நிலக்காரருக்கு ஆறு மாதம் வரை.

வி.ஏ.ஓ.விடம் வாயால் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். மனு கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். உரிமை கோருகிறவர்கள் வர நான்கு முதல் ஆறு மாதம் கழித்து ஒரு தேதி வைத்து அறிவிக்கை போடுவார்கள். யாரும் வராவிட்டால் பங்கு பிரிப்பு. நீங்கள் கேட்காத விஷயம் இங்கேதான் இருக்கிறது: வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, நிலக்காரருக்குக் கால்தான். மனுவில் அந்த அக்கா பெயர் முதலில் வரட்டும். நான் பார்த்த கோப்புகளில் பட்டாதாரர் பெயர் இருக்கும், கடப்பாரை பிடித்தவர் பெயர் இருக்காது.

அரசே எடுத்துக்கொண்டால், உலோகத்தின் மதிப்பும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் தர வேண்டும். ராஜராஜன் காசுக்குச் செம்பு விலை! புரோக்கரிடம் ஏன் போகிறார்கள் என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. இங்கிலாந்தில் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் 1992-ல், தொலைந்த சுத்தியலைத் தேடப் போனவர் ரோமானியத் தங்கக் காசுகளைக் கண்டு உடனே தகவல் சொன்னார். சந்தை மதிப்பு போட்டு 17.5 லட்சம் பவுண்டு கொடுத்தார்கள். நிலத்தைக் குத்தகைக்கு வைத்திருந்த விவசாயிக்கும் அதில் பங்கு.

அரியாங்குப்பம்:
புதுச்சேரிப் பக்கத்தில், பழைய துறைமுகமான எங்கள் அரிக்கமேட்டில் 1937-லேயே பிரெஞ்சு ஆய்வாளர் துப்ராய் துரை, ஊர்ப் பிள்ளைகள் பொறுக்கிய மணிக்கற்களைக் காசு கொடுத்து வாங்கினார். தொல்லியல் அறிஞர் வீலர் வந்து தோண்டியது 1945-ல். எந்தக் கல் எந்த இடத்தில் கிடந்தது என்று அந்தப் பிள்ளைகளிடம் யார் கேட்டிருப்பார்கள்? நீங்கள் குழியை மூடுமுன் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். உடைந்த பானையின் ஓடுகளையும் காசோடு சேர்த்தே வையுங்கள்.

முந்திரித்தோப்பு:
படம் எடுத்தாயிற்று. முக்கால் பங்கு என்றதும் அக்கா, “முதல்ல இன்னைக்குக் கூலியைக் குடு” என்றார். அப்பாவுக்குத்தான் கால் பங்கு இறங்கவில்லை. மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கலாமா?

பழைய ரெவின்யூ:
கொடுக்கலாம். காசைக் கருவூலத்தில் வைக்கச் சொன்னால், எண்ணி, எடை போட்டு, அக்கா பெயரில் ரசீது வாங்கிய பிறகு கொடுங்கள்.