அப்பாவின் மாருதியோடு போட்டிக்குப் போனேன்: ஒரு கொக்கிக் கம்பி இன்னும் என்னிடம் இருக்கிறது

கல்லடிக்காரன்

வீட்டுக் காரோடு ஓடும் கூம்புப் போட்டிகளுக்குப் போனவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெட்டையில் கூம்பு, ஒரு நேரத்தில் ஒரு கார், கடிகாரம். கூம்பு சாய்ந்தால் 5 விநாடி தண்டம். போன ஆவணியில் அம்பாறைப் பக்கம் நடந்த ஒன்றுக்கு அப்பாவின் மாருதி 800ஐக் கொண்டுபோனேன். 796 சிசி, மூன்று சிலிண்டர், காபரேட்டர், 12 அங்குலச் சக்கரம். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் சந்தையிலிருந்து அரிசி மூட்டை ஏற்றுவதும் அதே காரில்தான். மாற்றங்கள் எதுவும் செய்யவில்லை. ஒயில் மாற்றி, பிளக் துடைத்து, இரவல் தலைக்கவசம் ஒன்றோடு போனேன்.

வாகனப் பரிசோதனை வரிசையில் நின்றோம். கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பரிசோதகர் வயதானவர். பொனட்டைத் திறக்கச் சொன்னார். எஞ்சினை அவர் பார்க்கவே இல்லை. பற்றரியின் தலையில் உள்ளங்கையை வைத்து இரண்டு தரம் ஆட்டினார். தளர்ந்த பல்லைப் போல அது ஆடியது.

"தம்பி, இது ஓடாது. கட்டிக்கொண்டு வாருங்கள். பதினைந்து நிமிடம் தருகிறேன்."

எப்போதோ பற்றரி மாற்றியபோது அதை இறுக்கிப் பிடிக்கும் பிடிகம்பி தொலைந்திருக்கிறது. இடைவெளியில் சாக்கு மடித்துச் செருகியிருந்தோம். இத்தனை வருடம் யாருக்கும் அது தெரியவில்லை. கூம்புகளுக்கிடையில் இடமும் வலமும் வெட்டி ஓடும்போது பற்றரி சாய்ந்து, அதன் முனை பொனட்டில் முட்டினால் தீதான். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்த வெட்டையில் பிடிகம்பிக்கு எங்கே போவது? கயிறு கேட்டு ஓடினேன். கயிறு ஏற்றுக்கொள்ளப்படாது என்றார்கள்.

அப்போதுதான் எனக்குப் பின்னால் மூன்றாவதாக நின்ற வெள்ளை நிசான் மார்ச்சிலிருந்து ஒரு காக்கா, முஸ்லிம் அண்ணன் ஒருவர், இறங்கி வந்தார். ஐம்பது வயது இருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. பற்றரியைப் பார்த்தார், திரும்பிப் போய்த் தன் பொனட்டைத் திறந்தார். பத்தாம் நம்பர் சாவியால் நட்டைக் கழற்றிக் கொக்கிக் கம்பியையும் குறுக்குத் தகட்டையும் எடுத்துக்கொண்டு வந்தார். கம்பி என் காருக்குக் கொஞ்சம் நீளம். சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி நான்காக மடித்துத் தகட்டுக்கு அடியில் வைத்து இறுக்கினார். அவருடைய பெருவிரல் நகம் அடிபட்டுக் கறுத்திருந்தது, அந்த விரலால்தான் நட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்போது ஆட்டிப் பாருங்கள் தம்பி."

ஆட்டினேன். பற்றரி அசையவில்லை, கார்தான் அசைந்தது.

ஓடினேன். ஒரு கூம்பு சாய்ந்தது. கூட்டம் கைதட்டியது, கூட வந்த நண்பர்கள் கட்டிப்பிடித்தார்கள், படம் எடுத்தார்கள். கம்பியைக் கழற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது அந்த மார்ச் அங்கே இல்லை. பிறகுதான் எனக்கு உறைத்தது. அவருடைய முறை எனக்குப் பின்னால் இருந்தது. அவருடைய பற்றரிக்கு என்ன பிடிப்பு? ஓடினாரா, ஓடவில்லையா? பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தக் கம்பி டாஷ்போர்டுக்குள் கிடக்கிறது. ஒவ்வொரு பள்ளத்திலும் கார் விழும்போது அதன் சத்தம் கேட்கிறது.

ஏறாவூர்ப் பட்டறை

தம்பி, கோபிக்க வேண்டாம். பற்றரியைக் கட்டாமல் அந்த இடத்துக்குப் போனதே பிழை. உங்களுக்கு உதவிய மனிதருக்கு அல்லாஹ் நன்மை செய்யட்டும்.

என் அனுபவம் சிறியது. நான் தயார் செய்து கொடுத்த ஒரு அல்டோ, போட்டி முடிந்து வரும் வழியில் செங்கலடிக்கு முன்னால் முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டது. சக்கரம் என்னை முந்திக்கொண்டு வயலுக்குள் இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். எவருக்கும் காயமில்லை. காலையில் நட்டுகளை இறுக்கியது நான்தான். முதல் ஓட்டத்துக்குப் பிறகு மறுபடியும் இறுக்கியிருக்க வேண்டும், இறுக்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் இதை வாசிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். காரை வேகமாக்க ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். முதலில் பிரேக் ஒயிலை மாற்றுங்கள். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 ஆகிவிடும். கடற்கரையில் நிற்கும் நம் கார்களில் பல வருட ஒயில் கறுத்துப்போய்க் கிடக்கிறது. கொதித்தால் குமிழி வரும், மிதி தரையைத் தொடும், கார் நிற்காது. அடுத்தது கைப்பிரேக் கேபிள். மாருதி, அல்டோ இரண்டிலும் எஞ்சின் இழுப்பது முன்சக்கரங்களை, கைப்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. இறுக்கமான திருப்பத்தில் காரின் பின்பக்கத்தைச் சுழற்ற அதுதான் எளிய வழி. கேபிள் தளர்ந்திருந்தால் கூம்பைச் சுற்ற மாட்டீர்கள், மேலேதான் ஏறுவீர்கள்.

தார்த் தரையானால் முன் டயர்களுக்குக் காற்றைக் கொஞ்சம் கூட்டுங்கள். சோக்கட்டியால் டயரின் விளிம்பிலிருந்து பக்கச்சுவர் வரை ஒரு கோடு போடுங்கள். ஓடி வந்த பிறகு பாருங்கள். கோடு பக்கச்சுவர்வரை அழிந்திருந்தால் டயர் மடிகிறது, காற்றுப் போதாது. விளிம்போடு நின்றிருந்தால் சரி. இதற்கு ஒரு சோக்கட்டி போதும். கால்விரிப்பு, தண்ணீர்ப் போத்தல், ஜாக்கி, மேலதிகச் சக்கரம் எல்லாவற்றையும் இறக்குங்கள். பெற்றோல் கால் தாங்கி போதும்.

காப்புறுதியையும் பாருங்கள். பந்தயத்தில் நேர்ந்த சேதத்தைச் சாதாரண வாகனக் காப்புறுதி பொதுவாக ஏற்காது. வீட்டில் ஒரேயொரு கார் இருப்பவர் இதை மனைவியோடும் வாப்பாவோடும் பேசிவிட்டுப் போக வேண்டும்.

அக்கரைப்பற்று ஆசிரியை

எங்களுடையது கூம்புப் போட்டி இல்லை. குறிப்புத் தாளைப் பார்த்து, சொன்ன சராசரி வேகத்தில், சொன்ன நேரத்துக்குச் சாவடிகளைத் தொட வேண்டிய ஓட்டம். முந்தி வந்தாலும் புள்ளி போகும், பிந்தினாலும் போகும். தம்பி ஓட்டினான், நான் பக்கத்தில் தாளோடு. கார் எங்கள் அல்டோ.

அம்பாறை தாண்டி உகணைப் பக்கம் மணிக்கு 36 கிலோமீட்டர் வைத்திருந்தார்கள். எனக்கு மகிழ்ச்சி. நான் கணிதம் படிப்பிக்கிறவள். 36 என்றால் விநாடிக்குச் சரியாக 10 மீற்றர், மனக்கணக்கிலேயே போகலாம். அப்போது எருமைக் கூட்டமொன்று வீதியில் இறங்கியது. நான்கு நிமிடம் நின்றோம். 240 விநாடி, அதாவது 2,400 மீற்றர் பின்தங்கிவிட்டோம். மணிக்கு 54இல் போனால் விநாடிக்கு 5 மீற்றர் மீட்கலாம், எட்டு நிமிடத்தில் சமன் செய்யலாம். இதை வாய்விட்டுச் சொன்னது நான்தான். தம்பி உடனே மிதித்தான்.

முன்னால் ஊர் வந்தது. வீதியோரம் வீடுகள். "குறை" என்றேன். "ராத்தா, இன்னும் ஐந்து நிமிடம்" என்றான். தாளை மடித்து எனக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தேன். வழி தெரியாமல் அவன் என்ன செய்வான்? கோபத்தோடு வேகத்தைக் குறைத்தான்.

அடுத்த வளைவில் ஒரு மோட்டார் சைக்கிள் டயர் தனியாக உருண்டு எங்கள் முன்னால் வந்தது. அதற்குப் பின்னால் கையில் தடியோடு ஒரு சிறுவன். தம்பி பிரேக்கை அழுத்தினான். டயர் எங்கள் பம்பரில் முட்டித் தரையில் விழுந்து சுற்றிச் சுற்றி அடங்கியது. அந்தச் சிறுவன் ஓடி வந்து அதை எடுத்தான். கார்க்கதவில் ஒட்டிய இலக்கத்தைப் பார்த்தான். வெட்கத்தோடு சிரித்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டான்: "போட்டியா? நீங்கள் எத்தனையாவது?"

தம்பி பதில் சொல்லவில்லை. ஸ்டேரிங்கைப் பிடித்திருந்த அவனது கை நடுங்கிக்கொண்டிருந்தது. வேகம் ஒன்றரை மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டேகால் மடங்காகும். இதைப் பத்து வருடமாகக் கரும்பலகையில் எழுதுகிறேன். அன்று அந்தக் கணக்கைப் போட நான் மறந்துவிட்டேன். எருமைகள் கடந்த நேரத்துக்கு நான் போட்ட கணக்கு மட்டும் இப்போதும் காதுக்குள் கேட்கிறது. தம்பி அதற்குப் பிறகு எந்த ஓட்டத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை.

குறுமண்வெளி

ஏறாவூர் அண்ணன் சொன்னதில் பாதியோடு எனக்கு உடன்பாடில்லை. கால் தாங்கிப் பெற்றோல் என்கிறீர்கள். நீண்ட வளைவில் பெற்றோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்பி காற்றை இழுக்கும். எஞ்சின் இருமும். அரைத் தாங்கிக்குக் குறையக் கூடாது. மேலதிகச் சக்கரத்தை இறக்கலாம், ஆனால் வெட்டையிலேயே பத்திரமாக வைத்துத் திரும்பும்போது ஏற்ற வேண்டும். அதை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வந்து மகாஓயாவுக்கும் செங்கலடிக்கும் நடுவில் இரவு எட்டு மணிக்கு டயர் வெடித்து நின்றவர்களை எனக்குத் தெரியும். அது யானை நடமாடும் வீதி. நம்மைப் போன்றவர்கள் காரை லொறியில் ஏற்றிக்கொண்டு போவதில்லை. ஓடிய காரிலேயே வீட்டுக்கு வர வேண்டும். சோக்கட்டிக் கோடும் தாருக்கு மட்டுந்தான். கிரவலில் அது முதல் வளைவிலேயே அழிந்துவிடும், அங்கே காற்றைக் கூட்டினால் கார் வழுக்கும்.

நுவரெலியா மகாகஸ்தோட்டையில் 1934ஆம் ஆண்டில் தொடங்கிய கார் மலையேற்றப் போட்டி இருக்கிறது. தியத்தலாவையில் ஃபொக்ஸ் ஹில், மின்னேரியாவில் கன்னர்ஸ் என்று இராணுவத்தினர் நடத்திவந்த கிரவல் பந்தயங்கள் இருந்தன. அங்கெல்லாம் ஃபோர்ட் லேசர், மஸ்டா 1300 என்று பழைய கார்களுக்குத் தனிப்பிரிவே இருந்தது. எங்களூர்ப் பிள்ளைகள் ஏன் பார்வையாளர்களாகவே போய் வருகிறார்கள் என்பது என் மனக்குறை.

நான் ஒரு லேசருக்கு உதவியாளாகப் போயிருக்கிறேன். கார் திரும்பி வந்தபோது ரேடியேட்டர் முழுக்கச் செம்மண் அப்பி, சூடு ஏறி, ஆவி வந்துகொண்டிருந்தது. அடுத்த ஓட்டத்துக்கு நாற்பது நிமிடம். எங்களிடம் வாளி இல்லை. பக்கத்துக் கூடாரத்து மெக்கானிக் பையனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களத்தில் தெரிந்தது தண்ணீர் என்ற ஒரே சொல். "வத்துர" என்றேன். அவன் வாளியோடு வந்தான், கூடவே ஒரு பழைய பல்துலக்கியும் கொண்டுவந்தான். நான் தண்ணீர் வார்க்க, அவன் உட்பக்கத்திலிருந்து ஒவ்வொரு வரியாக மண்ணைத் தள்ளினான். வெளியிலிருந்து தேய்த்தால் மண் இன்னும் உள்ளே போய் இறுகும் என்பதைக் கையாலேயே காட்டிக் கொடுத்தான். அவர்களுடைய காரும் எங்கள் காரும் ஒரே பிரிவு. அவர்கள்தான் எங்களை வென்றார்கள்.

ஏறாவூர்ப் பட்டறை

பெற்றோல் விடயத்தில் குறுமண்வெளித் தம்பி சொல்வதை ஏற்கிறேன், கால் தாங்கி என்றது சிறு சுற்றுகளை மனதில் வைத்து. மேலதிகச் சக்கரத்தை வீட்டில் விடச் சொல்லவில்லை. ஆசிரியை அவர்கள் எழுதியதை என் பட்டறைப் பையன்களுக்கு வாசித்துக் காட்டினேன்.

கொடிக்காரன்

கல்லடித் தம்பி, அன்று இரண்டாவது திருப்பத்தில் கொடியோடு நின்றவன் நான். அந்த வெள்ளை மார்ச் எனக்கு நினைவிருக்கிறது. அவருடைய இலக்கத்தை மூன்று தரம் கூப்பிட்டார்கள். அவர் தொலைவில் இல்லை, கயிற்றோரமாக நின்று உங்கள் கார் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை உயர்த்தவில்லை. மூன்றாவது தரம் கூப்பிட்ட பிறகு மேசைக்குப் போய்த் தன் இலக்கத்தை வெட்டிவிடும்படி சொன்னார். "கார் சரியில்லையா காக்கா?" என்று கேட்டேன். "கார் நல்ல கார், இன்றைக்கு வேண்டாம்" என்றார். நீங்கள் எழுதும்வரை காரணம் எனக்குத் தெரியாது.

வாழைச்சேனைப் பக்கம் நீர்ப்பம்பி திருத்துகிறவர் என்று யாரோ சொல்லக் கேட்டேன். பெயர் தெரியாது.

கல்லடிக்காரன்

அவர் அங்கேயே நின்றிருக்கிறார். நான் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் அங்கேயேதான் நின்றிருக்கிறார்.

கொடிக்காரன் அண்ணன், மிக்க நன்றி. என் மாருதிக்குப் புதுப் பிடிகம்பி வாங்கிப் பூட்டியாகிவிட்டது. அவருடைய கம்பியின் துருவைத் தேய்த்து, மரைக்கு எண்ணெய் பூசி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாழைச்சேனைக்குப் போகிறேன். பம்பி திருத்தும் கடைகளை ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்ப்போம்.