தேய்ந்த சாவி: நாலாவது வெட்டு பிடிபடவில்லை

இடம் களியக்காவிளை. 60 மி.மீ. யூரோ சிலிண்டர் (கதவுப் பூட்டில் சாவி நுழையும் உருளை), உள்ளே 5 பின் (சாவியின் வெட்டுகள் தூக்கும் சிறு ஊசிகள்), பிராண்ட் பெயர் எதுவும் இல்லை. இருக்கிற ஒரே சாவி தேய்ந்து, ஆட்டினால்தான் திரும்புகிறது. மெஷினில் காப்பி எடுத்தால் தேய்மானமும் சேர்ந்தே வரும். அப்படி எடுத்த காப்பி திரும்பவே இல்லை.

வெர்னியரில் அடிவிளிம்பிலிருந்து வெட்டுப் பள்ளம் வரை, தோள் (சாவி பூட்டின் முகத்தில் முட்டி நிற்கும் இடம்) பக்கமிருந்து: 7.4, 6.9, 5.9, 6.65, 7.4 மி.மீ. ஒரு வெட்டு ஆழத்துக்கும் அடுத்த ஆழத்துக்கும் உள்ள படி 0.5 போலிருக்கிறது, நாலாவது மட்டும் நடுவில் நிற்கிறது. தேய்ந்தால் அளவு குறையத்தானே செய்யும் என்று புது பிளாங்கில் (வெட்டாத சாவியில்) நாலாவதை 6.9 ஆக வெட்டினேன். முழுக்க நுழைகிறது, அசையவில்லை. லேசாக வெளியே இழுத்துப் பிடித்தால் மட்டும் திரும்புகிறது. அரத்தால் 6.4 வரை இறக்கியும் அதே கதைதான்.

பின்னைக் கழற்றி அளப்பதுதான் நேர்வழி. ஆனால் சிலிண்டரைப் பிடித்திருக்கும் எம்5 திருகு துருவேறி, தலையும் வழுக்கிவிட்டது (இந்த ஊர் மழை அப்படி).

இழுத்தால் மட்டும் திரும்புவது நாலாவது வெட்டின் ஆழப் பிழையா, அல்லது தோளிலிருந்து எல்லா வெட்டுகளுமே தள்ளி விழுந்திருக்கிறதா?