பழைய றெக்கோட் போட்டுக் கேட்ட பின்னேரங்கள்: உங்கட கதையையும் சொல்லுங்கோ

இணுவிலான்:

நான் றெக்கோட் கடையில வாங்கிறேல்லை. பழைய இரும்பு, போத்தில் எடுக்கிறவர் ஒருத்தரிட்டச் சொல்லி வைச்சிருக்கிறன். பழைய வீடு இடிக்கிற இடத்தில றெக்கோட் தட்டுப் பெட்டி கண்டால் கோல் எடுப்பார். போன மாரிக்கு முன்னம் வந்தது ஒரு தகரப்பெட்டி. மூடியில லவுட்ஸ்பீக்கர் வாடகைக்கு விட்ட ஆரோ ஒருத்தரின்ர பேர் வெள்ளைப் பெயின்றால எழுதி, பாதி அழிஞ்சு கிடந்தது. பொறுக்கி எடுக்க விடமாட்டன், எடுத்தால் முழுப்பெட்டியும் எடுக்கோணும் எண்டுட்டார். எடுத்தன். பாதிக்கு மேல 78 தட்டு, அதாவது நிமிசத்துக்கு 78 சுத்துச் சுத்துறது, மிச்சம் 45 சுத்து, அடியில நாலைஞ்சு 33 சுத்து எல்.பி.

78 தட்டைக் கையில பிடிச்சுப் பாக்காத பிள்ளையளுக்காகச் சொல்லுறன். அது பிளாஸ்ரிக் இல்லை. அரக்கோட கல்லுத்தூளும் கறுப்புச் சாயமும் சேர்த்துச் சூட்டில அழுத்தின சாமான். நல்ல பாரம். கை தவறினால் சில்லுச்சில்லாப் போகும். ஒரு பக்கம் மூண்டு நிமிசத்துக்குக் கொஞ்சம் மேல ஓடும், அவ்வளவுதான்.

பெட்டியை விறாந்தையில வைச்சு ஒவ்வொண்டாத் துடைக்கேக்கதான் லேபிள்களில பென்சில் எழுத்து இருக்கிறதைக் கண்டம். சிலதில ‘க’, சிலதில ‘சா’, சிலதில ‘கோ’. எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. மனிசிதான் பாத்த உடன சொன்னா, “கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில். இது கூட விளங்கேல்லையே?” எண்டு. சரிதான். ‘க’ போட்டதுகள் எல்லாம் சாம்பல் நிறமாத் தேய்ஞ்சு போய்க் கிடக்கு. இரும்பு ஊசி அந்தக் கோடுகளை உழுது உழுது கறுப்பையே எடுத்துப்போட்டுது. ‘கோ’ தட்டுகள் மினுங்குது. கோயிலில மேளக்காரர் வந்து இருந்தால் தட்டுக்கு என்ன வேலை? தூக்குக்காவடி வாறதுக்கு முன்னம், ஆக்கள் சேருமட்டும் ரெண்டு பாட்டுப் போட்டிருப்பினம்.

அண்டைக்குச் சனிக்கிழமை. மழை விட்டிருந்தது, பிள்ளையள் ரியூசனுக்குப் போட்டினம். பனங்கட்டியும் பிளேன்ரீயுமாக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, ‘கோ’ தட்டுகளுக்குள்ள இருந்து நாதஸ்வரக்காரர் ராஜரத்தினம்பிள்ளையின்ர தோடி ராகத் தட்டை எடுத்து வைச்சன். கோயில் வீதியில மணித்தியாலக் கணக்கா வாசிக்கிற ராகத்தைத் தட்டுக்காகச் சுருக்கிப் போட்டிருக்கிறார். ஆனால் சுருக்கின மாதிரித் தெரியாது. முதலாவது பிடியிலயே ஆள் நடு வீட்டுக்குள்ள வந்து நிண்டிடுவார்.

ரெண்டாம் பக்கம் திருப்பிப் போட முன்னம் வேலிக்கு அங்கால இருந்து ஒரு செருமல். பக்கத்து வீட்டு ஐயா. தவில் வாசிச்ச குடும்பம், வயசு எண்பதைத் தாண்டியிட்டுது.

“தம்பி, உது ஆர் வாசிக்கிறது?”

“ராஜரத்தினம்பிள்ளை ஐயா.”

“பிள்ளை எப்ப தொடக்கம் திரும்பத் திமிரி வாசிக்கத் தொடங்கினவர்?”

எனக்குப் பகிடி விளங்கக் கொஞ்சம் நேரமெடுத்தது. முந்தின காலத்து நாதஸ்வரம் நீளம் குறைவு, சுருதி கூட, அதைத்தான் திமிரி எண்டு சொல்லுறது. அதை விட்டுட்டு நீளமான பாரி நாயனத்தை எடுத்து, ரெண்டு கட்டைச் சுருதியில நிண்டு வாசிச்சு, மற்றவையையும் அந்தப் பக்கம் திருப்பினவர் ராஜரத்தினம்பிள்ளை. தட்டில கேட்டது ரெண்டு கட்டை இல்லை. ஐயா படலையைத் திறந்துகொண்டு வந்து இருந்தார். பேத்தியின்ர போனில இருக்கிற சுருதிப்பெட்டியைப் போடச் சொன்னார். ரெண்டரையில பொருந்தினது. “பாத்தியே? அரைக்கட்டை ஏறிக் கிடக்கு. மனிசன் சாவகாசமா வாசிச்சதை நீ ஓட்டிக் கலைக்கிறாய்.”

அரைக்கட்டை ஏறுறதெண்டால் வேகம் நூற்றுக்கு ஆறு கூடோணும். அதாவது 78 சுத்து சுத்த வேண்டியது 83 சுத்து சுத்துது. சரி பாப்பம் எண்டு வேகம் பாக்கிற வட்டக் கடதாசியை எடுத்தன். அதில 78க்கு 77 கறுப்புக் கோடு இருக்கு. எங்கட கறன்ற் 50 ஹெர்ட்ஸ், சோக் போட்ட பழைய ரியூப்லைற் செக்கனுக்கு 100 தரம் விட்டு விட்டு எரியும். அந்த வெளிச்சத்தில தட்டு சரியாச் சுத்தினால் கோடுகள் அசையாமல் நிக்கும். கூடினால் சுத்துற பக்கம் ஊரும், குறைஞ்சால் பின்னுக்கு ஊரும். இப்பத்தைய எல்.ஈ.டி. பல்ப் கனக்க இதுக்குச் சரிவராது. சாமியறையில மிச்சம் இருந்த ரியூப்லைற்றுக்குக் கீழ கொண்டுபோய்ப் பிளேயரை வைச்சால், கோடுகள் முன்னுக்கு ஓட்டமா ஓடுது.

பிளேயரில றெக்கோட் வைக்கிற சுத்துத் தட்டைக் கழட்டி உள்ளுக்க பாத்தம். இது பெல்ற் இல்லாத பழைய இங்கிலாந்துப் பிளேயர். மோட்டர் தண்டில படிப்படியா ஒரு பித்தளைப் புல்லி, அதில உரசுற ரப்பர்ச் சில்லு, அந்தச் சில்லுதான் சுத்துத் தட்டைச் சுத்தும். போன வருசம் ரப்பர் வழுக்குது எண்டு ஒருத்தரிட்டத் திருத்தக் குடுத்தனான். அவர் ரப்பரை மாத்தாமல், 78 படியில கறுப்பு இன்சுலேசன் ரேப்பை ரெண்டு சுத்துச் சுத்தி விட்டிருக்கிறார். வழுக்கல் நிண்டது உண்மைதான். புல்லி பருத்தால் வேகம் கூடும் எண்டு அவர் யோசிக்கேல்லை. 33இலயும் 45இலயும் ரேப் இல்லை, அதால மற்றத் தட்டுகளில ஒரு வித்தியாசமும் தெரியேல்லை.

ரேப்பை உரிச்சு, பசையைத் துடைச்சு, ரப்பர்ச் சில்லின்ர விளிம்பை மெல்லிய அரத்தாளால உரஞ்சி விட்டன். கோடுகள் நிண்டிட்டுது. பிறகு அந்தத் தோடியைத் திரும்பப் போட்டம். சத்தியமாச் சொல்லுறன், அது வேற தட்டு. மூச்சு எடுக்கிற இடம், காந்தாரத்தில நிண்டு அசைக்கிற அசைவு, எல்லாத்துக்கும் இடம் இருக்கு. ஐயா தொடையில தாளம் போட்டுக்கொண்டு ஒண்டும் பறையாமல் இருந்தார்.

பிறகு தொடங்கினார் பாருங்கோ கதை! தெட்சணாமூர்த்தியின்ர தவிலைத் தான் இளம் வயசில வீதி மண்ணில இருந்து கேட்டது, மேளச்சமா விடியுமட்டும் நடக்க ஒருத்தரும் எழும்பாதது, தவில் தனி தொடங்கினால் கச்சான் விக்கிற மனிசியும் சுருள் சுத்துறதை விட்டுட்டு நிக்கிறது. “அவன் 1975இல போகேக்க வயசு என்ன, நாப்பத்தொண்டு, நாப்பத்திரண்டு. தட்டிலயும் ரேப்பிலயும் கிடக்கிறதை வைச்சு நீங்கள் அவனைக் கேட்டனீங்கள் எண்டு சொல்லாதேங்கோ” எண்டார். இராச்சாப்பாடும் எங்களோடதான். பிட்டும் மீன்குழம்பும்.

ஒண்டு சொல்லோணும். இப்ப கனபேர் “அந்தக் கரகரப்புத்தான் சுகம், அதுதான் பழமை” எண்டு எழுதுகினம். எனக்கு உது பிடிக்காது. கரகரப்பு எண்டால் ஊத்தை, பூஞ்சணம், பிழையான ஊசி. 78 தட்டின்ர கோடு அகலம். எல்.பி. ஊசியைப் போட்டால் அது கோட்டின்ர அடியில போய் ஊத்தையில உருளும். மூண்டு மடங்குக்குக் கிட்டப் பருத்த 78 ஊசி போடோணும். வாசிச்ச மனிசன் கரகரப்பு வாசிக்கேல்லை.

பருத்தித்துறையான்:

இணுவிலான் அண்ணை கறன்ற் கணக்குச் சொல்லுறார். எங்கட கதை கறன்ற் இல்லாத கதை.

1990இல சண்டையோட போன கறன்ற் வருசக்கணக்கா வரேல்லை. பற்றறியும் தடை. செய்தி கேக்கிறதுக்குச் சைக்கிளைக் கவிட்டு வைச்சு, டைனமோவில வயரை எடுத்து றேடியோவுக்குக் குடுக்கிறது. நான்தான் பெடல் சுத்துற ஆள். பி.பி.சி. தமிழோசைக்கும் வெரித்தாஸ் வானொலிக்கும் சுத்தலாம், பாட்டுக்குச் சுத்தச் சொன்னால் கை விட்டுப்போம். கசற் போட்டால் இன்னும் கஸ்ரம், நான் களைக்கக் களைக்கப் பாட்டுக்காரரும் களைப்பார்.

அப்ப அப்பு பரணில இருந்து ஒரு சாவி கிராமபோனை இறக்கினார். ஐம்பதுகளில வாங்கினதாம், லேபிளில நாய் இருந்து கேக்கிற படம். சாவியைச் சுத்தி விட்டால் ஒரு தட்டுக்குத் தாராளம். வில்லு, பல்லுச்சில்லு, வேகம் கூடாமல் பிடிக்கிறதுக்கு மூண்டு குட்டிக் குண்டு, அவ்வளவுதான். ஊரிலயே கறன்ற், பற்றறி, டைனமோ ஒண்டும் வேண்டாத பாட்டுப்பெட்டி அதுதான். நாலு வீட்டுச் சனம் பின்னேரத்தில எங்கட முத்தத்தில.

பிரச்சினை ஊசி. இரும்பு ஊசியை ஒரு பக்கத்துக்கு ஒண்டு எண்டு மாத்தோணும், இல்லாட்டித் தட்டைத் தின்னும். டப்பாவில கிடந்தது முடிஞ்ச பிறகு அப்பு நாகதாளி முள்ளை வெட்டி, காய வைச்சு, சரிவா நறுக்கிப் போட்டார். பகிடி இல்லை, முந்தி வெளிநாட்டிலயும் முள்ளு ஊசியும் மூங்கில் ஊசியும் வித்தவங்கள்தான். சத்தம் குறைவு, ஆனால் சுந்தராம்பாளின்ர குரல் இரும்பு ஊசியில கீச்சிட்ட இடமெல்லாம் முள்ளில கீச்சிடேல்லை. முள்ளும் ஒரு பக்கத்தோட மழுங்கியிடும். பக்கத்தில ஒரு சிரட்டை நிறைய முள்ளு நறுக்கி வைச்சிருப்பம்.

அந்தக் கிராமபோனில சத்தம் குறைக்கிற திருகு இல்லை. அம்மம்மா ஒரு துவாயைச் சுருட்டிக் குழலுக்குள்ள செருகி விடுவா. பிளேன் வாற சத்தம் கேக்கோணுமெல்லே.

நல்லூர் மகள்:

எங்கட வீட்டில இருந்தது 45 தட்டுகள், எல்லாம் சினிமாப் பாட்டு. 1995 ஒக்ரோபர் கடைசியில எல்லாரும் இடம்பெயர்ந்தம். உடுப்பு, அரிசி, அடையாள அட்டை எண்டு கட்டேக்க ஆர் றெக்கோட்டை நினைக்கிறது? அடுத்த வருசம் சாவகச்சேரிப் பக்கமிருந்து திரும்பி வந்து பாத்தால், கட்டிலுக்குக் கீழ உறையளைக் கறையான் மண்ணாக்கி வைச்சிருக்குது. தட்டு அப்பிடியே கிடக்கு. அம்மா கழுவி, பழைய காலண்டர்த் தாளில ஒவ்வொண்டுக்கும் உறை ஒட்டினா. பின்பக்கத்தில இப்பவும் ராகுகாலம், எமகண்டம் பாக்கலாம்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேற. போன மாசம் தம்பி ஒரு சின்னப் பிளேயர் வாங்கிக் கொண்டு வந்து, அம்மாவுக்குப் போட்டுக் காட்டினவன். அம்மா ஒரு பாட்டும் சும்மா கேக்கமாட்டா. ஊசி வைச்ச உடன, பாட்டுத் தொடங்க முன்னம் கிடைக்கிற அந்த ரெண்டு மூண்டு செக்கனுக்குள்ள, இலங்கை வானொலி அறிவிப்பாளர் மாதிரிக் குரலை மாத்தி, படம், பாடினவர், விரும்பிக் கேட்டவையின்ர ஊர்கள் எல்லாம் சொல்லி முடிப்பா. மயில்வாகனத்துக்கு ஒரு குரல், கே.எஸ். ராஜாவுக்கு ஒரு குரல். ராஜா எண்டால் மூச்சு விடாமல் சொல்லோணும், அம்மாவுக்கு இப்ப இழுப்பு, பாதியில இருமிப்போடுவா. தட்டில அறிவிப்பு இல்லாதது அவவுக்கு ஒரு குறை. “பாட்டு என்னடி இப்பிடி மொட்டையாத் தொடங்குது?”

கொழும்பில வானொலி நிலையத்து இசைத்தட்டுக் களஞ்சியத்தில எவ்வளவு தட்டு இருந்தாலும், அந்த அறிவிப்புகளை ஆர் தட்டில அடிச்சு வைச்சது? எங்கட வீட்டில அம்மாவின்ர தொண்டையிலதான் கிடக்கு. போனில பதிஞ்சுகொண்டு வாறன். அவவுக்குத் தெரிஞ்சால் வெக்கப்பட்டு நிப்பாட்டிப்போடுவா.

மானிப்பாய் பொடியன்:

எல்லாரும் நாதஸ்வரமும் பக்தியுமா இருக்கிறியள். எங்கட பெரியப்பாவிட்ட இருக்கிறது எழுபதுகளின்ர பொப். மனோகரன், நித்தி கனகரத்தினம். றெக்கோட் போட்டால் பெரியப்பா சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு எழும்பியிடுவார், பெரியம்மா “முழங்கால், முழங்கால்” எண்டு கத்துவா. இந்தியத் தட்டுகளைத் தேடிப் போற ஆக்கள் எங்கட ஆக்களின்ர தட்டுகளையும் பொறுக்குங்கோ. கனக்க அடிக்கேல்லை, உடைஞ்சால் திரும்பக் கிடையாது.

ஒரு கேள்வி. 78 தட்டு ரெண்டு பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்கு. சேர்ஜிக்கல் ஸ்பிரிற் போட்டுத் துடைக்கலாமோ?

இணுவிலான்:

ஐயோ, தொடாதை! மரவேலை செய்யிறவை தளபாடத்துக்குப் பூசுற பிரெஞ்ச் பொலிஷ் என்ன? அரக்கை ஸ்பிரிற்றில கரைச்சதுதான். உன்ர தட்டும் அரக்கு, அப்பிடியே கரைஞ்சு துணியோட வந்திடும். காய்ச்சி வடிச்ச தண்ணியில ஒரு துளி கோப்பை கழுவுற திரவம் விட்டு, மெல்லிய தூரிகையால கோட்டின்ர போக்கிலயே சுத்திச் சுத்தித் துடை. லேபிளில தண்ணி படாமல் பாத்துக்கொள். பிறகு நிழலில காய வை, வெயிலில வைச்சால் வளைஞ்சுபோம். 45உம் எல்.பி.யும் வினைல், அதுகளுக்குக் கொஞ்சம் ஸ்பிரிற் கலந்தாலும் பரவாயில்லை. எது எதெண்டு தெரியாட்டி, 78 எண்டு போட்டிருந்தால் அரக்கு எண்டு வைச்சுக்கொள்.

பெரியப்பாவிட்ட மனோகரன் தட்டு ரெண்டு பிரதி இருந்தால் சொல்லு. என்னட்டச் ‘சா’ போட்ட சாமத்தியவீட்டுத் தட்டுகள் கிடக்கு, மாத்துவம்.