ஒளியின் வேகம் நொடிக்கு 17 மீட்டர் என்றால் ஒளிவிலகல் எண் கோடியிலா?

கொழிஞ்சாம்பாறை பிஎஸ்சி:
1999ல் அமெரிக்காவின் ரோலண்ட் ஆய்வு நிறுவனத்தில் லீனே ஹாவ் குழு, அதிகுளிர் சோடியம் அணுக்களுக்குள் ஒளியை நொடிக்கு 17 மீட்டருக்குக் கொண்டுவந்தார்களாம். மணிக்கு 61 கிலோமீட்டர், வாளையார் தாண்டின பஸ்ஸே முந்திவிடும். வெற்றிடத்தில் ஒளியின் வேகத்தைப் பொருளுக்குள் இருக்கும் வேகத்தால் வகுத்தால் ஒளிவிலகல் எண், என் கணக்கில் அது ஒன்றேமுக்கால் கோடி வருகிறது. அவ்வளவு இருந்தால் பட்ட ஒளி முழுக்கத் திரும்பித்தானே வரணும், உள்ளே எப்படிப் போச்சு? சாரைக் கேட்டால் சிலபஸில் இல்லை என்கிறார்.

லேசர் அண்ணன், பாலக்காடு:
தம்பி, அங்கே ஒளிவிலகல் எண் கிட்டத்தட்ட 1தான். நீங்கள் போட்ட வகுத்தல் அலைமுகட்டின் வேகத்துக்கு. 17 மீட்டர் என்பது துடிப்பு, அதாவது ஒரு கணம் மட்டும் விட்ட ஒளிக்கீற்று, மொத்தமாக நகரும் வேகம், அதாவது குழுத் திசைவேகம். அதற்கு அதிர்வெண் துளி மாறினால் ஒளிவிலகல் எண் எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்று பார்க்கணும், உங்கள் கோடி அந்த ஏற்றத்தில்தான் இருக்கிறது. ஒளி திரும்புமா என்பதற்கு ஒளிவிலகல் எண் மட்டும் போதும், அது 1 என்பதால் சுலபமாக உள்ளே போய்விடும்.

ஏற்றம் எப்படி வருகிறது என்றால், சோடியம் சாதாரணமாக 589 நானோமீட்டர் அலைநீள ஒளியை விழுங்கிவிடும். இன்னொரு லேசரைச் சரியான அதிர்வெண்ணில் கூடவே அடித்தால், அணு மேல் ஆற்றல்நிலைக்கு ஏற இருக்கும் இரண்டு வழிகளும் ஒன்றையொன்று ரத்து செய்துகொள்ளும், ஒளி விழுங்கப்படாமல் கடக்கும். ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் ஹாரிஸ் குழு 1991லேயே காட்டியது இது. ஆனால் இப்படித் திறக்கும் அதிர்வெண் இடைவெளி ரொம்பக் குறுகல், அதற்குள்தான் ஒளிவிலகல் எண் விறுவிறுவென ஏறுகிறது. இரண்டாவது லேசரின் வலிமையைக் குறைக்கக் குறைக்க இடைவெளி இன்னும் குறுகும், துடிப்பும் இன்னும் மெதுவாகும்.

தென்காசி வாசகர்:
குளிர் கட்டாயமில்லை. அதே 1999ல் சூடான ருபீடியம் ஆவியிலும் நொடிக்கு 90 மீட்டர் அளவுக்குக் குறைத்தார்கள்.

கொழிஞ்சாம்பாறை பிஎஸ்சி:
ஓ, அப்போ வகுத்தல் சரி, அதற்கு வைத்த பெயர்தான் தப்பு. அந்த இரண்டாவது லேசரை நடுவிலேயே அணைத்துவிட்டால்?

லேசர் அண்ணன், பாலக்காடு:
அதையும் செய்துவிட்டார்கள், 2001ல். துடிப்பின் முன்பக்கம் உள்ளே ஊர்ந்துகொண்டிருக்க, பின்பக்கம் வெளியே முழு வேகத்தில் வந்து சேருவதால், கிலோமீட்டர் நீளத் துடிப்பு மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்கி அணுக்கூட்டத்துக்குள் அடங்கிவிடும். அப்போது அணைத்தால் துடிப்பின் வடிவம் அணுக்களின் ஸ்பின்னில் (குட்டிக் காந்தம் போன்ற தன்மையில்) பதிந்து நிற்கும், திரும்பப் போட்டால் ஒளியாக வெளியே வரும். 2013ல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் பிரசியோடிமியம் கலந்த படிகத்தில் ஒரு நிமிஷம் வரை வைத்திருந்தார்கள். 'ஒளி நின்றது' என்று பத்திரிகைகள் போடுவது கொஞ்சம் ஓவர், அந்த நேரத்தில் அங்கே ஒளியே கிடையாது.